இலைவெட்டித் தேனீக்களை இனம் பிரித்துப் பார்ப்பது எப்படி? செட்டிநாட்டு வீட்டுப் பூட்டிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

பூட்டியே கிடக்கும் வீட்டை வருஷத்துக்கு ஒருமுறை திறக்கப் போகிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஐயா வீடு. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காகப் போயிருந்தபோது இரண்டாங்கட்டுக் கதவில் சாண் நீளச் சாவியை விட்டால் பாதிக்கு மேல் போகவில்லை. "குளவி அடைச்சிருக்குங்க, சீமெண்ணெய ஊத்திருவோமா" என்றார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு கொண்டை ஊசியை வாங்கி மெல்ல இழுத்தேன். சுருட்டுத் துண்டு மாதிரி ஒன்று வந்தது. இலைத் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிச் செய்த குப்பி, சுண்டுவிரல் நுனி அளவு. பாதி பச்சை, பாதி ரோஸ். ரோஸ் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், வாசலில் நிற்கும் காகிதப்பூ. குப்பியின் வாயை மூடியிருந்தவை மூன்று வட்டத் துண்டுகள், பஞ்ச் மெஷினில் குத்தி எடுத்த மாதிரி அவ்வளவு சுத்தம்.

அது குளவி இல்லை, இலைவெட்டித் தேனீ. எந்த இலைவெட்டித் தேனீ என்ற கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இதெல்லாம் கற்றுக்கொண்டேன், நிறைய தப்பும் செய்தேன். எல்லாரும் பூச்சியைப் படம் பிடிப்பதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். என் வரிசை வேறு: முதலில் இலை, அடுத்து கூட்டின் வாசல், கடைசியில்தான் உடம்பு. பூச்சி பறந்துவிடும், இலையும் வாசலும் அங்கேயேதான் இருக்கும்.

ஒரு சின்னப் பெயர் விளக்கம். இவை மெகாகைலி என்ற பேரினம். கிரேக்கத்தில் 'பெரிய உதடு' என்று பொருள். 1802இல் லத்ரேய் என்ற பிரெஞ்சு பூச்சியியலாளர் வைத்த பெயர். உலகம் முழுக்க ஏறக்குறைய 1500 இனங்கள். இதில் ஒரு வேடிக்கை, இந்தப் பேரினத்தில் எல்லாமே இலை வெட்டுவதில்லை. மண்ணால் கட்டுபவை இருக்கின்றன, மரப்பிசினால் கட்டுபவை இருக்கின்றன. இந்தோனேசியத் தீவில் 1858இல் வாலஸ் என்ற இயற்கையியலாளர் கண்டெடுத்த, கிட்டத்தட்ட 4 செ.மீ. நீளமுள்ள ராட்சதத் தேனீகூட மெகாகைலிதான். அது கட்டுவது பிசினில். 2019இல் மறுபடி கண்டுபிடித்து உயிரோடு படமெடுத்தபோது உலகமே பேசியது. ஆகவே 'இலை வெட்டுகிறதா, இல்லையா' என்பதே நம்முடைய முதல் வடிகட்டி.

என்ன வேண்டும்

பெரிதாக ஒன்றும் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று. செட்டிநாட்டில் பாதி வீட்டுப் பெட்டகத்தில் வைரம் பார்க்கிற லென்ஸ் கிடக்கும், அதுவே போதும். போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ், மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி, கிராஃப் தாள், நோட்டு. கிராஃப் தாள் எதற்கு என்றால் அளவுக்கு: ஒரு சின்னக் கட்டம் 1 மி.மீ. படத்தில் அளவு இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து 'இது பெரிசா சின்னதா' என்று தலையைச் சொறிவீர்கள்.

காலம் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் செடியெல்லாம் துளிர்த்து, பனி விலகி வெயில் ஏறும் தை, மாசிதான் நான் அதிகம் பார்த்த மாதங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் போங்கள். விடியற்காலையில் எழுந்து போனால் கொசுக்கடிதான் மிச்சம், இது வெயில் பிராணி.

படி 1: இலையைப் படியுங்கள்

ரோஜாத் தொட்டி, காகிதப்பூ, மந்தாரை, கொல்லையில் துவரை இருந்தால் துவரை. இலையின் ஓரத்தைப் பாருங்கள். புழு தின்ற இலை ஓரம் பிய்ந்து, கண்டபடி இருக்கும், பக்கத்தில் எச்சமும் கிடக்கும். வெட்டுக்கிளி தின்றால் இன்னும் மோசம். தேனீ வெட்டியது கத்தரிக்கோலால் நறுக்கியது போல வழவழப்பான வளைவு, எப்போதும் ஓரத்திலிருந்து உள்ளே போய் ஓரத்துக்கே திரும்பும்.

ஒரே செடியில் இரண்டு வித வெட்டு இருக்கும், அதைப் பிரித்துப் பாருங்கள். நீள்வட்டமாக வெட்டியது குப்பியின் சுவருக்கு, வட்டமாக வெட்டியது மூடிக்கு. இரண்டையும் கிராஃப் தாள் மேல் வைத்துப் படம் எடுங்கள். வட்டத்தின் குறுக்களவு கூட்டுத் துளையின் அகலத்தைச் சொல்லும், துளையின் அகலம் தேனீயின் பருமனைச் சொல்லும். அதாவது பூச்சியைப் பார்க்காமலே அது ஒல்லியா, குண்டா என்று ஒரு மதிப்பு கையில் வந்துவிடும். இலையை வைத்து இனத்தின் பெயரைச் சொல்ல முடியுமா என்றால், முடியாது. ஒரே தேனீ காலையில் ரோஜா, மத்தியானம் காகிதப்பூ என்று மாறுவதை என் பூட்டுக் குப்பியே காட்டியது.

இணையத்தில் தேடினால் 'இலை வெட்டும் எறும்பு' என்று படம் படமாக வரும். அதை நம்பி இந்த வெட்டை எறும்பு மேல் போடாதீர்கள், அந்த எறும்புகள் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே கிடையாது. நம் மாமரத்து முசுறு இலையைத் தைக்கும், வெட்டாது.

வெட்டுவதை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் புது வெட்டு தெரிகிற செடிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அரைமணி நேரம் சும்மா உட்காருங்கள். வந்து ஓரத்தைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு, உடம்பையே காம்பஸ் மாதிரி சுழற்றி, சில நொடிகளில் வேலையை முடித்துவிடும். துண்டு விடுபடுவதற்குச் சற்று முன்னாலேயே இறக்கை அடிக்க ஆரம்பித்துவிடும், இல்லையென்றால் துண்டோடு சேர்ந்து கீழே விழ வேண்டும் அல்லவா! துண்டை வயிற்றுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டு பறக்கும் திசையைக் கவனியுங்கள். அடுத்த படி அங்கேதான் இருக்கிறது.

படி 2: வாசலைப் படியுங்கள்

இவை தனித்து வாழும் தேனீக்கள். ராணி, வேலைக்காரி, அடை என்று எதுவும் கிடையாது, தேனெடுக்கவும் முடியாது. ஒவ்வொரு பெண்ணும் தனக்கென்று ஒரு துளை பார்த்துக்கொள்கிறாள். பெரும்பாலும் தானே துளை போடாது, ஏற்கெனவே இருக்கும் துளைதான் வேண்டும். நூறு வருஷத்துப் பழைய வீட்டை விட இதற்கு என்ன வசதி? சாவித் துவாரம், தேக்குத் தூணில் வண்டு துளைத்துவிட்டுப் போன ஓட்டை, நிலைக்கதவில் ஆணி பிடுங்கிய இடம், ஓட்டுச் சரிவுக்கடியில் மூங்கில், உபயோகிக்காத பிளக் பாயின்ட், கட்டிவைத்த பழைய கணக்குப் பேரேட்டின் முதுகு. நான் வீடு முழுக்க ஒரு சுற்று வந்ததில் பதினொரு வாசல் கிடைத்தது, அத்தனையும் ஒரே பூச்சியுடையது இல்லை.

வாசலை எதனால் அடைத்திருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

வட்ட இலைத் துண்டுகள் அடுக்கடுக்காக இருந்தால் அசல் இலைவெட்டி, சந்தேகமில்லை. காய்ந்து பழுப்பாகியிருந்தாலும் அடுக்கின் விளிம்பு தெரியும்.

கறுப்பாக, பளபளவென்று, நகத்தால் கீறினால் ஒட்டுகிற மாதிரி இருந்தால் மரப்பிசின். மெகாகைலியிலேயே கல்லோமெகாகைலி என்றொரு துணைப்பேரினம் உண்டு, அதன் வேலை.

மண் என்றால்தான் குழப்பம். மண்ணால் அடைக்கும் மெகாகைலி உண்டு, மண்ணால் அடைக்கும் குளவிகளும் ஏராளம். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை உண்டாகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், அந்தக் கூடுதான். வெளியே பார்த்து முடிவு செய்யாமல், கைவிட்ட கூடு ஒன்று கிடைத்தால் உடைத்துப் பாருங்கள். உள்ளே மஞ்சள் மகரந்தத் துகள் ஒட்டியிருந்தால் தேனீ. காய்ந்த சிலந்தியோ பச்சைப் புழுவோ கிடந்தால் குளவி. தேனீப் பிள்ளை சைவம், குளவிப் பிள்ளை அசைவம். இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

காய்ந்த புல்லைத் திணித்து வெளியே துருத்திக்கொண்டிருந்தால் புல் சுமக்கும் குளவி. கீழே மரத்தூள் கொட்டியிருந்தால் கருவண்டு, அதாவது மரத்தைத் துளைக்கும் பெரிய தச்சுத் தேனீ. பஞ்சு மாதிரி செடி ரோமத்தை உருட்டி வைத்திருந்தால் அது ஆந்திடியம் கூட்டம், இலைவெட்டிகளின் பங்காளிகள். இந்த மூன்றையும் ஒதுக்கிவிடலாம்.

படி 3: மெகாகைலிதானா என்று உடம்பில் உறுதி செய்யுங்கள்

பூவில் உட்கார்ந்திருக்கும்போதே பார்க்கலாம். கண்மாய்க் கரையில் கொழுஞ்சி, கிலுகிலுப்பை, வயலில் துவரை, சணப்பை, இப்படிப் பயறு குடும்பத்துப் பூக்கள் இவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும். துளசியிலும் வரும். மற்ற தேனீக்கள் பெரும்பாலும் பின்னங்காலில் மகரந்தத்தைச் சுமக்கும். இவை வயிற்றின் அடிப்பக்கத்தில் சுமக்கும். அங்கே அடர்த்தியான முடிகள் தூரிகை மாதிரி வரிசையாக இருக்கும். பூவில் இருக்கும்போது வயிற்றின் நுனியை அடிக்கடி மேலே தூக்கிக்கொள்ளும், அந்தச் சமயத்தில் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால் மஞ்சள் பூசிய அடிவயிறு பளிச்சென்று விழும். இதுதான் இந்தக் குடும்பத்தின் அடையாள அட்டை.

ஆனால் அந்த அட்டையைப் பெண்கள் மட்டும்தான் வைத்திருப்பார்கள். ஆணுக்குக் கூடு கட்டும் வேலையும் இல்லை, தூரிகையும் இல்லை. ஆண் பெண் பிரிக்க உணர்கொம்பை எண்ணுங்கள்: பெண்ணுக்கு 12 கணு, ஆணுக்கு 13. வயிற்றுக் கண்டம் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7. எண்ணப் பொறுமை இல்லையென்றால் முன்னங்காலைப் பாருங்கள். பல மெகாகைலி இனங்களில் ஆணின் முன்னங்கால் வெளிறி, அகலமாகி, ஓரத்தில் வெள்ளை முடிக்குஞ்சம் கட்டியிருக்கும். கூடும்போது அதை வைத்துப் பெண்ணின் கண்ணைப் பொத்திக்கொள்கிறது. இந்தக் கால் இனத்துக்கு இனம் மாறும் என்பதால் ஆணைத் தெளிவாகப் படம் எடுத்தால் நிபுணர்கள் சந்தோஷப்படுவார்கள்.

குப்பியில் பிடித்தால் ஃபிரிட்ஜில், ஃப்ரீசரில் அல்ல, ஐந்து பத்து நிமிஷம் வைத்துவிட்டு எடுங்கள். மந்தமாகி ஒரு நிமிஷம் அசையாமல் உட்காரும். அந்த ஒரு நிமிஷத்தில் மூன்று விஷயம் பாருங்கள். முன்னிறக்கையில், மேல் விளிம்புக்குக் கீழே வரிசையாக இருக்கும் மூடிய கட்டங்கள் இரண்டுதானா? அடுக்குத்தேனீக்கும் கருவண்டுக்கும் மூன்று இருக்கும். கால் நுனியில் இரண்டு நகங்களுக்கு நடுவே சின்னத் திண்டு இருக்கிறதா? மெகாகைலிக்கு இருக்காது. வயிற்றுப் பட்டை முடியால் ஆனதா, தோலிலேயே வந்த மஞ்சள் நிறமா? மெகாகைலிக்கு முடிப்பட்டை. தோலில் மஞ்சள் கோலம் இருந்தால் ஆந்திடியம் பக்கம் போங்கள்.

கொட்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு, கையில் நசுக்கினால் கொட்டும். கூட்டுக்குப் பக்கத்தில் நின்றதற்காக எல்லாம் துரத்தி வராது.

படி 4: தாடை

இதற்குத்தான் வைர லென்ஸ். தேனீயை நேர் எதிரே வைத்து, தாடை விரிந்திருக்கும்போது பாருங்கள். இலை வெட்டும் பெண்ணின் தாடைப் பற்களுக்கு நடுவே மெல்லிய தகடு போல ஒரு வெட்டு விளிம்பு இருக்கும், கத்தரிக்கோல் அலகு மாதிரி. மண்ணும் பிசினும் எடுப்பவற்றுக்கு அந்த விளிம்பு இல்லாமல், தாடை கரண்டி போலவோ நீளமாகவோ இருக்கும். கொத்தனார் கையில் கரணை, தையற்காரர் கையில் கத்தரி, அவ்வளவுதான் வித்தியாசம். பற்களின் எண்ணிக்கையும் எந்தப் பற்களுக்கு இடையில் விளிம்பு இருக்கிறது என்பதும்தான் துணைப்பேரினங்களைப் பிரிக்க நிபுணர்கள் முதலில் பார்ப்பது. வயதான தேனீக்குப் பல் தேய்ந்திருக்கும், அதனால் இறக்கை நுனி கிழியாத இளம் தேனீயாகப் பாருங்கள்.

படி 5: பெயர் வைக்கலாமா?

நம் பக்கத்தில் வெறும் கண்ணால் பெயர் சொல்லத் துணிகிற இனங்கள் மிகச் சில. முதலாவது மெகாகைலி லனேட்டா. ஃபாப்ரிசியஸ் என்ற பூச்சியியலாளர் 1775இலேயே விவரித்த பழைய புள்ளி. நெஞ்சு முழுக்க, வயிற்றின் தொடக்கத்திலும் துரு நிறத்தில் கம்பளி போர்த்தியது போன்ற முடி, மற்றபடி கறுத்த வயிறு, அதில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள். இது இலை வெட்டுவதில்லை, மண்ணால் கட்டும். பிளக் பாயின்டை அடைத்து வைத்து, எலக்ட்ரீஷியனிடம் நாம் திட்டு வாங்குவது பெரும்பாலும் இதனால்தான். இந்தியாவிலிருந்து கரீபியன் தீவுகள், ஃபுளோரிடா வரை மனிதர்களோடு கப்பலேறிப் போய்க் குடியேறிவிட்ட தேனீ. நம் ஆட்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனதை விட தூரம்.

இரண்டாவது மெகாகைலி டிஸ்ஜங்க்டா. இதுவும் ஃபாப்ரிசியஸ், 1781. கறுப்பு உடம்பு, நெஞ்சின் பின்பக்கமும் வயிற்றின் தொடக்கமும் சேரும் இடத்தில் மட்டும் வெள்ளை முடி, கறுப்பு வேட்டிக்கு வெள்ளைத் துண்டை இடுப்பில் கட்டிய மாதிரி. கல்லோமெகாகைலி வகை, பிசின்காரி. மேலே சொன்ன பளபளப்பு வாசலும் இந்த நிறமும் சேர்ந்து வந்தால் நம்பிப் பெயர் எழுதலாம்.

அசல் இலைவெட்டிகளிடம் வந்தால் கதை கஷ்டம். கறுப்பில் வெள்ளைப் பட்டை போட்ட சின்ன உருவங்கள் பல, ஒன்றைப் பார்த்தது போலவே இன்னொன்று. முழுக் கறுப்பு என்றால் சுலபமா? இந்தியப் பட்டியலில் ஆந்த்ரசினா என்றொரு பெயர், கார்பனேரியா என்றொரு பெயர், இரண்டுக்கும் 'கரி' என்றுதான் அர்த்தம், இரண்டையும் 1853இல் ஸ்மித் என்ற ஒரே ஆள்தான் வைத்தார். கறுப்பு என்பதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? இங்கே தேவைப்படுவது அடிவயிற்றுத் தூரிகையின் நிறம் (வெள்ளையா, சிவப்பா, கறுப்பா, கடைசிக் கண்டத்தில் மட்டும் மாறுகிறதா), தாடைப் பல், ஆணின் முன்னங்கால், ஆணின் வயிற்று நுனி. இது நான்கும் இல்லாத படத்துக்கு 'மெகாகைலி இனம்' என்று எழுதி நிறுத்திக்கொள்வதுதான் ஒழுங்கு.

முடி நிறத்தை நம்பும்போது ஒரு எச்சரிக்கை. முடி தேயும், வெயிலில் வெளுக்கும். தையில் துருச்சிவப்பாக இருந்த லனேட்டா கொஞ்ச நாளில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும், பட்டைகளும் உதிர்ந்து மொட்டையாக நிற்கும்.

நான் தப்பு செய்த இரண்டு இடம்

பூட்டுத் துவாரத்தைச் சுற்றி ஒரு தேனீ வட்டமிட்டது. வயிறு கூம்பாகக் கூர்ந்து முடிந்தது, அடியில் தூரிகை இல்லை. தூரிகை இல்லையா, அப்போ ஆண் என்று எழுதிவிட்டேன். ஒரு வாரம் கழித்து லென்ஸில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கண்ணின் மேலேயே குட்டிக் குட்டி முடி, நெஞ்சின் பின் மூலையில் இரண்டு முள். அது கோலியாக்சிஸ், திருட்டுத் தேனீ. குயில் காக்கைக் கூட்டில் முட்டை வைக்கிற கதைதான். இலைவெட்டி இல்லாத நேரம் பார்த்து உள்ளே போய் அதன் குப்பியில் தன் முட்டையைச் செருகிவிடும். எண்ணிப் பார்த்தால் பெண்ணுக்குரிய 12 கணு. கோலியாக்சிஸ் சுற்றுகிறது என்றால் அங்கே மெகாகைலி கூடு இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஒரு விதத்தில் நல்ல துப்பு.

இரண்டாவது, போனில் ஒரு அடையாளச் செயலியை நம்பியது. 'மெகாகைலி ரொட்டுண்டேட்டா' என்று அடித்துச் சொன்னது, நானும் சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். அது ஐரோப்பா பக்கத்துத் தேனீ. வட அமெரிக்காவில் குதிரைமசால் விதை உற்பத்திக்காகப் பெட்டி பெட்டியாக வளர்க்கப்படுவது. உலகத்தில் அதிகம் படமெடுக்கப்பட்ட இலைவெட்டிகளில் ஒன்று என்பதால், பட்டை போட்ட சின்ன மெகாகைலி எதைக் காட்டினாலும் செயலி அங்கேதான் போய் நிற்கிறது. செயலியைப் பேரினம் வரை நம்புங்கள்.

படி 6: கூட்டையும் தேனீயையும் முடிச்சுப் போடுவது

இலை, வாசல், உடம்பு மூன்றும் ஒரே பூச்சியுடையதுதான் என்று உறுதி செய்ய ஒரே நல்ல வழி, நீங்களே துளை வைப்பது. நாணல் தட்டை அல்லது மெல்லிய மூங்கில், உள்ளகலம் 5 முதல் 10 மி.மீ. வரை பல அளவில், ஒரு பக்கம் கணு அடைத்தபடி 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். இருபது முப்பதைச் சேர்த்துக் கட்டி, காலை வெயில் படும் சுவரில், மழை நனையாத தாழ்வாரத்தில் நெஞ்சு உயரத்துக்குக் கட்டிவிடுங்கள். ஆடக் கூடாது. கட்டுகிற கம்பியில் கிரீஸ் தடவாவிட்டால் எறும்பு புகுந்து எல்லாவற்றையும் காலி செய்யும்.

ஒவ்வொரு தட்டைக்கும் எண் எழுதுங்கள். வாசல் அடைபட்டதும் தேதி, அடைப்பு என்ன பொருள் என்று குறித்து, அந்தத் தட்டையை மட்டும் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டு மெல்லிய துணியால் வாயைக் கட்டி நிழலில் வையுங்கள். சில கூட்டிலிருந்து சில வாரத்தில் வரும், சிலது மாதக்கணக்கில் இழுக்கும். முதலில் வெளியே வருபவை ஆண்கள். தாய் உள்ளே ஆழத்தில் பெண் முட்டைகளையும் வாசலை ஒட்டி ஆண் முட்டைகளையும் வைக்கிறாள், வாசல்காரர்கள் முதலில் வெளியேறியாக வேண்டும். அதனால் முதலில் வந்த ஆணைப் பார்த்துவிட்டுப் பாட்டிலைத் திறந்துவிடாதீர்கள், அதே தட்டையிலிருந்து பெண்ணும் வந்தால்தான் ஜோடியாகப் பதிவு செய்ய முடியும், அதுதான் அருமையான பதிவு. கொசுவை விடச் சிறிய குளவிகள் கூட்டமாக வந்தால் திகைக்க வேண்டாம், அவை ஒட்டுண்ணிகள். படம் எடுத்ததும் தேனீக்களைப் பூ இருக்கும் இடத்தில் விட்டுவிடுங்கள்.

ரோஜா இலை போகிறதே என்று மருந்து அடிக்கிறவர்களுக்கு: தேனீ இலையைத் தின்பதில்லை, நாலு இலை ஓட்டையாகும், செடி சாகாது.

நோட்டில் எப்படி எழுதுவது என்று கேட்டால், எங்கள் பூட்டின் பக்கத்தை அப்படியே தருகிறேன்: 'இரண்டாங்கட்டுக் கதவு, சாவித் துவாரம், துளை 9 மி.மீ. அடைப்பு: வட்ட இலை, 3 துண்டு. சுவர்: ரோஜா இலை, காகிதப்பூ இதழ். பெண்: பட்டை வெள்ளை, அடித்தூரிகை வெள்ளை, கடைசிக் கண்டத்தில் கறுப்பு, தாடை விளிம்பு தெரிந்தது. ஆண்: பார்க்கவில்லை. கோலியாக்சிஸ் பெண் ஒன்று. முடிவு: மெகாகைலி, இனம் எழுதவில்லை. கதவு: பங்குனி வரை பூட்ட வேண்டாம், கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது.'